பத்து நாற்பது

"வலது பக்கத்துலேர்ந்து ஊத்துங்க ஹாஜி" என்றார் யூசுப்.

கமாலுதீன் குவளையைச் சாய்த்தார். தண்ணீர் மகனின் வலது தோளில் விழுந்து, மார்புத் தையலை மறைத்திருந்த துணியின் மேல் ஓடி, பலகை விளிம்பிலிருந்து சொட்டியது. இடது பக்கம் நின்ற மருமகன் சாஹித்தும் ஊற்றினான். பாதித் தண்ணீர் தரையில் போயிற்று.

ஐமானின் முகத்தில் ஒரு வட்டம் பதிந்திருந்தது. நெற்றியில் தொடங்கி இரண்டு கன்னங்கள் வழியாக மேலுதடு வரை இறங்கிய செந்தடம். கடலுக்கடியில் போகிறவர்கள் மாட்டும் கண்ணாடியின் தடம். பள்ளிவாசலில் இருபது வருடமாக மையித்துக் குளிப்பாட்டும் யூசுப், இலந்தை இலைத் தண்ணீரில் நனைத்த துணியால் அதை இரண்டு முறை துடைத்துப் பார்த்தார். மூன்றாம் முறை துணியை எடுத்தபோது கமாலுதீன் தடுத்தார்.

"விடுங்க. அது அழுக்கு இல்ல."

யூசுப் துணியைக் கீழே வைத்தார்.

"மாமா" என்றான் சாஹித். "நான் உங்ககிட்ட ஒன்னு..."

"தண்ணிய ஊத்துங்க மாப்பிள்ளை."

சாஹித் ஊற்றினான். கமாலுதீன் மகனின் விரல்களைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கழுவினார். வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு தோலுரிந்த கோடு. கயிற்றைப் பிடித்திருந்த கை. அதை எவ்வளவு நேரம் பிடித்திருந்தான் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்காமலிருக்க விரல்களை மறுபடியும் முதலிலிருந்து கழுவினார்.

வெளியே, செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கோகிலன் நின்றிருந்தான். ஐமானோடு புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் ஒரே ஷிப்டில் வேலை செய்பவன். பத்து வருடமாக இருவரும் சேர்ந்துதான் கடலுக்குள் இறங்குவார்கள். கோகிலனுக்கு இரவு முழுவதும் தூக்கமில்லை என்பது கண்ணில் தெரிந்தது. மார்போடு ஒரு மஞ்சள் நிற ரப்பர் பையை அணைத்திருந்தான்.

"அங்கிள்."

"உள்ள வந்து உக்காரு தம்பி. ஏன் வெயில்ல நிக்கிறே?"

"பரவால்ல அங்கிள்." பையின் வாயைப் பிரித்தான். "போட்ல எல்லார் போனும் இந்தப் பையிலதான் இருந்துச்சு. தண்ணி தெறிக்கும்னு ஐமான் வாங்கி உள்ள போட்டுருவான். பொலீஸ் பாத்துட்டு நேத்தே திருப்பிக் குடுத்துட்டாங்க. ஐமானோடத அஃப்ரீன் அக்காகிட்ட குடுக்கலாம்னு வந்தேன். பொம்பளைங்க இருக்கற எடத்துக்கு எப்படிப் போறதுன்னு..."

"என்கிட்ட குடு."

மருமகளிடம் போக வேண்டியதற்குத் தான் கை நீட்டிய வேகம் கமாலுதீனுக்கே அதிகமாகப் பட்டது. கோகிலன் ஐமானின் போனை எடுத்துக் கொடுத்தான். சார்ஜ் தீர்ந்து போயிருந்தது. அவர் அதை ஜுப்பாவின் உள்பையில் போட்டார். அவருடைய சொந்தப் போன் இருந்த அதே பையில்.

"அஞ்சு மணிக்கு மரீன் பொலீஸ் சார்ஜன்ட் வீட்டுக்கு வருவாரு அங்கிள். வாக்குமூலம் எழுத. நானும் வர்றேன்."

"என்ன சொல்லப் போறே?"

"நடந்தத." அவன் பையின் வாயைச் சுருட்டினான். "பத்து கெலாம்ங்கற பாறை எங்க யாருக்கும் பழக்கமில்லாத எடம். கேஎல்லேர்ந்து வந்த சாஹித் அண்ணனோட ஃபிரெண்ட்ஸ் ரெண்டு பேருக்கு அங்கதான் போகணும்னு ஆசை. ஐமான் மூணு நாளா கோலா கெடா மீனவங்களுக்குப் போன் போட்டு, தண்ணி எப்ப நிக்கும், எப்ப ஓடும்னு விசாரிச்சுத்தான் பிளான் எழுதுனான். பத்து நாப்பதுக்குத்தான் தண்ணி நிக்கும். அதுக்கு முன்னாடி இறங்கக்கூடாதுன்னு போட் ஏறுற ஜெட்டியிலயே எல்லாருக்கும் சொன்னான்."

"ம்."

"எட்டே முக்காலுக்கே போட் போய்ச் சேந்துருச்சு. கட்டியிருந்த மிதவை பாதி தண்ணிக்குள்ள முழுகி ஆடிட்டு இருந்துச்சு அங்கிள். அவ்வளவு ஓட்டம். ஐமான் பாத்துட்டு, 'காத்திருப்போம், இல்லாட்டி இன்னிக்கு இல்ல'ன்னான். அவங்க முணுமுணுத்தாங்க. சரிலா, சொல்லியாச்சு, முடிஞ்சிருச்சுன்னு நான் டைவிங் சூட்டைக் கழட்ட ஆரம்பிச்சுட்டேன். அப்பத்தான் அவன் போட் ஓரத்துல நின்னு போன காதுல வச்சு ஏதோ கேட்டான். மூஞ்சி மாறிடுச்சு. யாருடான்னேன். ஒன்னுமில்லன்னான். போனைப் பையில போட்டுட்டு, 'சரி, பதினெட்டு மீட்டருக்குக் கீழ யாரும் போகக்கூடாது, இறங்குவோம்'னான்."

கமாலுதீன் பக்கத்துத் தூணில் கை வைத்தார்.

"அந்த ரெண்டு பேரும் பத்து நிமிஷத்துல பயந்து மேல போய்ட்டாங்க. சாஹித் அண்ணே கேமராவோட பாறைக்கு அந்தப் பக்கம் போய்ட்டாரு. அங்க தண்ணி கீழ இழுக்குது. மூச்சு வாங்க வாங்கக் காத்து தீந்துருச்சு அவருக்கு. ஐமான் போயித் தன்னோட ரெண்டாவது குழாய அவர் வாயில குடுத்து, இழுத்துட்டு வந்து மிதவைக் கயித்துகிட்ட என் கையில சேத்தான். ஒரு சிலிண்டர்ல ரெண்டு பேரு. அவன்கிட்ட மிச்சம் என்ன இருந்திருக்கும்? அப்புறம் ஒரு இழுப்பு. அவன் கை கயித்த விட்டுருச்சு." கோகிலன் தன் வலது கையைப் பார்த்தான். "எட்டிப் புடிச்சேன் அங்கிள். கால்ல மாட்டியிருந்த ஃபின்னு நுனிதான் விரல்ல பட்டுச்சு."

அவன் அழுதான். கமாலுதீன் அவன் தோளில் கை வைக்க நினைத்தார். கை தூணை விட்டு வரவில்லை.

"போன்ல யாருன்னு தெரியலையா?" என்று கேட்டார்.

"சொல்லல அங்கிள். அவன் அப்படித்தான்."

ஜெலுத்தோங் வீட்டுக்கு ஜனாஸாவைக் கொண்டுவந்தபோது பதினொன்றரை ஆகியிருந்தது. பெண்கள் பார்ப்பதற்கு அரை மணி நேரம் என்று பேச்சு. நடுக்கூடத்தில் கபன் துணியை முகத்தளவு விலக்கி வைத்தார்கள். ருக்கையா மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரே கேள்வியை வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அவன்கிட்ட கடைசியா என்ன பேசுனேன்? நாலு மணிக்குக் கிளம்புனான். நான் தூங்கிட்டேனே. முந்தின நாளு என்ன பேசுனேன்னு ஞாபகம் வரலையே. யாராச்சும் சொல்லுங்களேன்."

மகள் ஷாஹிரா அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் வீட்டுப் பெண்கள் செபராங் ஜெயாவிலிருந்து வந்து ஒரு மூலையில் கூட்டமாக இருந்தார்கள். கமாலுதீன் அவர்களைக் கடந்தபோது பேச்சு நின்றது. நின்ற பேச்சின் வால் மட்டும் அவர் காதில் விழுந்தது. "...தெரியாத எடத்துல பிளான் இல்லாம இறக்கிட்டு..."

அவர் நிமிர்ந்தபடியே சமையலறைக்குப் போனார். எழுபத்தொரு வயதில் அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் சரக்குக் கணக்கர் வேலை. ஒரு மூட்டை குறைந்தது என்று அவர் மேல் சொல் வந்ததில்லை. பள்ளிவாசல் செயலாளராக இருபத்திரண்டு வருடம். கமாலுதீன் ஹாஜி ஒன்றைச் சொன்னால் அதற்கு இன்னொரு சாட்சி வேண்டாம் என்பார்கள். மகளைக் கொடுக்கும்போதும் சம்பந்தி அப்துல் ரஹீம் சபையில் அதைத்தான் சொன்னார்.

அதே சம்பந்திதான் போன மாதக் கெண்டூரி விருந்தில், பிரியாணித் தட்டுகளுக்கு நடுவில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்க சம்பந்தி மவன் கேஎல் விருந்தாளிங்கள ஜெட்டி வரைக்கும் கூட்டிப் போயி, கடலுக்கு ஒரு ஸலாம் சொல்லிட்டுத் திரும்பிட்டாரு!" இடம் தெரிந்த படகோட்டி வரவில்லை என்று ஐமான் அன்று பயணத்தை ரத்து செய்திருந்தான். பந்தி முழுக்கச் சிரித்தது. ஐமானும் சிரித்தான். கமாலுதீனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

சமையலறையில், ஃப்ரிட்ஜ் கதவுக்கு எதிரே மருமகள் அஃப்ரீன் நின்றிருந்தாள். கதவில் காந்தத்தின் கீழ் ஐமானின் தாள் இருந்தது. புதிய இடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவன் எழுதி மாட்டிவிட்டுப் போவான். பேனாவை அவன் எங்காவது மறந்து வைத்துவிடுகிறான் என்று அஃப்ரீன் ஒரு பேனாவை நூலில் கட்டிக் கதவுப் பிடியில் தொங்கவிட்டிருந்தாள். திரும்பி வந்ததும் தலைகூடத் துவட்டாமல் கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டு, தாளை இழுப்பறையில் போடுவான். இழுப்பறை அந்தத் தாள்களால் மூட முடியாமல் இருந்தது.

"மாமா, இத வாசிங்க" என்றாள் அஃப்ரீன்.

கமாலுதீன் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். இடம்: பத்து கெலாம், முதல் தடவை. ஆழம்: பதினெட்டு மீட்டருக்கு மேல் இல்லை. சிலிண்டரில் பாதி ஆனதும் திரும்பு. இறங்கும் நேரம்: பத்து நாற்பது. அதன் கீழே இரட்டைக் கோடு போட்டு, முன்னதாக இல்லை. யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் எல்லாரும் மேலே ஏற வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. கரை சேர்வது: பன்னிரண்டே முக்கால். இரண்டு மணிக்குள் போன் வராவிட்டால் கூப்பிட வேண்டியவர்: அத்தா. அதற்குப் பக்கத்தில் சின்னக் கட்டம். காலியாக.

"பத்து நாப்பதுன்னு இருக்கு. ஒம்பதே காலுக்கு இறங்குனாராம். எப்படி மாமா? டிராபிக் லைட்ல ஆரஞ்சு விழுந்தாலே நிறுத்துற மனுசன். பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிச்சா, அடிக்கட்டும்னு உக்காந்திருப்பாரு. அங்க பிளான் இல்லாமப் போனாருன்னு பேசுறாங்க." அவள் குரல் உயரவில்லை. அது உயராததுதான் அவரைத் துளைத்தது. "நாளைக்கு இஸ்ஸதி பெரிசாகி, எங்க அத்தா ஏன் செத்தாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது? கவனமில்லாமப் போய்ட்டாருன்னா?"

ஏழு வயதுப் பேத்தியின் பெயரைக் கேட்டதும் கமாலுதீன் தாளை விட்டுப் பார்வையை எடுத்தார்.

"அவர் போன் கோகிலன் அண்ணன்கிட்ட இருக்காமே? குடுத்தாரா மாமா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களான்னு பாக்கணும்."

"பொலீஸ்கிட்ட இருக்கும்" என்றார்.

இருக்கிறது என்று சொல்லவில்லை, இருக்கும் என்றுதான் சொன்னோம் என்று மனத்துக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு தன் போனை எடுத்தார். மகனுடைய பெயரைத் தொட்டார். நேற்றுக் காலை எட்டு ஐம்பத்து மூன்றுக்கு அவன் எழுதியிருந்தான்:

"அத்தா, எடம் புதுசு. ஓட்டம் ரொம்ப இருக்கு. பத்து நாப்பது வரைக்கும் காத்திருக்கணும். விருந்துக்கு ஒரு மணி நேரம் லேட் ஆகும்னு இவங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. கேன்சல் பண்ணப் போறேன். சம்பந்தி மாமா கோவிச்சுக்கிட்டா நீங்க கொஞ்சம் சொல்லி வைங்க."

அதன் கீழே அவர் அனுப்பிய குரல் பதிவு. இருபத்தொரு விநாடி. அவன் கேட்டுவிட்டான் என்பதற்கு நீல நிற அடையாளம். அதற்கும் கீழே அவர் அனுப்பிய மற்றவை. பதினொன்று இருபதுக்கு, எங்கே இருக்கே. பதினொன்று முப்பத்திரண்டுக்கு, போனை எடு. பதினொன்று நாற்பதுக்கு வெறும் பெயர், ஐமான். அவற்றுக்கு அடையாளம் எதுவும் மாறவில்லை.

நேற்றுக் காலை அவர் சம்பந்தி வீட்டு விருந்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். செய்தியைப் பார்த்ததும் அவர் கண்ணில் பட்டது கடல் அல்ல. போன மாதத்துப் பந்தி.

குரலின் மேல் விரலை அழுத்தி வைத்தார். ஒரு தடவை பள்ளிவாசல் குழுவில் தவறான செய்தியை அனுப்பிவிட்டபோது ஷாஹிரா இப்படித்தான் அழித்துக் காட்டினாள். எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்று போன் கேட்டது. எல்லாருக்கும் என்று தொட்டால் மகன் போனிலும் போய்விடும். அதற்கு மேலிருக்கும் மகனின் எழுத்து மட்டும் நிற்கும். கேன்சல் பண்ணப் போறேன் என்ற எழுத்து. அவன் பெயர் சுத்தமாகும். அப்புறம் ஏன் இறங்கினான் என்று கேட்பார்கள். கேட்கட்டும். பதில் இருக்காது.

விரல் வரவில்லை. மானம் போகும் என்று பயந்து தடுமாறும் தன் விரலை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அந்தக் குரலின் கடைசி இரண்டு விநாடி நினைவுக்கு வந்தது. அங்கே பேசுவது அவரல்ல. அறைக்குள் வந்த ருக்கையா.

கதவு தட்டப்பட்டது. "அத்தா" என்றாள் ஷாஹிரா. "சந்தூக்கு தூக்கப் போறாங்க. வாங்கத்தா."

அவர் போனை அணைத்தார். குழாயைத் திறந்து, முகம் கழுவியதைப் போலச் சத்தம் வரச் செய்து, பின்பு உண்மையிலேயே கழுவினார்.

மதிய லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் நிறைந்திருந்தது. வராந்தாவில் ஃபேக்டரி ஆட்கள், சீனர்களும் மலாய்க்காரர்களும் தமிழர்களுமாக, கறுப்புச் சட்டையில் நின்றார்கள். சந்தூக்குப் பெட்டியை முன்வரிசைக்கு எதிரே வைத்தார்கள். இமாம் கமாலுதீனைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், இறந்தவரின் பொறுப்பாளர் எழுந்து ஜமாஅத்திடம் அவருக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். எத்தனையோ வீடுகளின் ஆண்களுக்குக் கமாலுதீனே பக்கத்தில் நின்று அந்த வார்த்தைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். குரல் உடைந்தவர்களை, "தெம்பாச் சொல்லுங்க, சபை பாக்குது" என்று அதட்டியும் இருக்கிறார். இன்று அவர் பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தார்கள்.

"என் மவன் ஐமான்..." என்று தொடங்கினார். குரல் சரியாகவே வந்தது. "யார் மனசையாச்சும் நோகடிச்சிருந்தா, அவனால யாருக்காச்சும் ஒரு கெடுதல் வந்திருந்தா, அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்குறேன். அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க."

வழக்கமாக இந்த இடத்தில் கூட்டம் மெல்ல முனகும். இமாம் தொழுகைக்கு நிற்பார். ஆனால் முன்வரிசையில் சம்பந்தி அப்துல் ரஹீம் ஒரு எட்டு முன்னால் வந்தார். கண்ணீர் உண்மையாகவே அவர் தாடியில் நின்றது.

"எங்க புள்ள சாஹித்த நேத்து அல்லா திருப்பிக் குடுத்தான். ஐமான் தம்பி அவன அந்த மாதிரி எடத்துல இறக்கிட்டாரேன்னு நாங்க மனசுல ஒன்னும் வச்சிக்கல. அவரும் எங்க வீட்டுப் புள்ளதான். அறியாமச் செஞ்சத நாங்க முழு மனசோட மன்னிச்சுட்டோம். சபை சாட்சி."

"ஆமீன்" என்றார்கள். பின்வரிசையில் யாரோ, "பெரிய மனசு" என்றார்கள். சாஹித் தலையைத் தூக்கவில்லை.

மன்னித்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அது முறை. முறையை மீற அவருக்குத் தெரியாது.

"ஜஸாக்கல்லாஹ்" என்றார் கமாலுதீன்.

சொன்ன மறு நொடியே, தன் மகனைத் தானே குற்றவாளி என்று சபைக்கு நடுவில் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று புரிந்தது. சந்தூக்குக்குள் இருந்தவன் வாயைத் திறக்கவில்லை. போட்டில் கோகிலன் கேட்டபோதும் அவன் திறக்கவில்லை.

தொழுகை முடிந்ததும் இமாம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இவர் எப்படிப்பட்டவர்?"

"நல்லவர்" என்றது சபை.

இரண்டாம் முறையும் கேட்டார். மூன்றாம் முறையும். மூன்று முறையும் கமாலுதீனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வெளியே வராந்தாவிலிருந்து, இந்த வழக்கம் தெரியாத கோகிலன், எல்லாரும் முடித்த பிறகு தனியாக, "நல்லவன்" என்று சொன்னது உள்ளே கேட்டது.

கபர் குழியில் இறங்கி மகனை வாங்கி வைத்தவர் அவர்தான். வேண்டாம் ஹாஜி, வயசாச்சு என்று தடுத்தார்கள். கேட்கவில்லை. முதல் நாள் மழையில் அடிமண் ஊறியிருந்தது. பக்கச் சுவரில் கசிந்த நீர் அவர் கணுக்காலைத் தொட்டபோது, "இங்கயும் தண்ணி" என்று சொன்னார். மேலே நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை. உடலை மூடும் பாரம் பலகையை வைத்து, யூசுப்பின் கையைப் பிடித்து ஏறி, மூன்று பிடி மண் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலே கால். கோகிலன் வாசல் கேட்டருகே நின்றுகொண்டான். கூடத்தில் அப்துல் ரஹீமும் சாஹித்தும் உட்கார்ந்திருந்தார்கள். ஷாஹிரா தேநீர் வைத்தாள். அஃப்ரீன் முக்காட்டை இழுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றாள். ருக்கையா உள்ளறைக் கட்டிலில், கதவு திறந்தபடி.

"சம்பந்தி, சார்ஜன்ட் வந்தா நாம எல்லாரும் ஒரே மாதிரி பேசிருவோம்" என்றார் அப்துல் ரஹீம், தாழ்ந்த குரலில். "விதி வந்துச்சு, போய்ட்டாரு. அவ்வளவுதான். அவர் பிளான் போட்டாரா, போடலையான்னு கிளற வேணாம். போனவர் பேர இழுத்து நமக்கு என்ன ஆகப்போவுது?"

"பிளான் இருக்கு மாமா" என்றாள் அஃப்ரீன். "ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கு. எழுந்து வந்து பாருங்க."

"இருக்கும்மா. நான் இல்லன்னு சொல்லல. எழுதுனபடி அவரே நடக்கலையே, அதத்தான் சொல்றேன்."

"அத்தா, போதும்." சாஹித் சொன்னான். தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தான். "நான்தான் காத்திருக்க முடியாதுன்னேன். நீங்க பன்னெண்டரைக்குப் பந்தி போடுவீங்க, லேட்டானா சத்தம் போடுவீங்கன்னு. மச்சான் வேணாம்னுதான் சொன்னாரு. என்னைத் தூக்கிட்டு வந்ததும் அவர்தான். இதக் காலையிலேர்ந்து சொல்ல வர்றேன். யாரும் சொல்ல விட மாட்டேங்கிறீங்க."

"நீ சும்மா இருடா. அதிர்ச்சியில பேசுறே."

கமாலுதீன் தன் மருமகனைப் பார்த்தார். ஒரு கணம், மூச்சு இலகுவாக வந்தது. போதும். மகன் பெயர் மீண்டுவிட்டது. சாஹித் சார்ஜன்டிடம் இதையே சொல்லுவான். உள்பையிலிருக்கும் இரண்டு போன்களும் அங்கேயே இருக்கலாம்.

"நீங்க அவசரப்படுத்துனதுக்காக அவர் இறங்க மாட்டாரு" என்றாள் அஃப்ரீன். சாஹித்தைக் குற்றம் சொல்லும் குரலல்ல. கணக்கு இன்னும் சரிவரவில்லை என்பவளின் குரல். "போன மாசமும் அவசரப்படுத்துனீங்கதானே அண்ணே? அப்ப இறங்கலையே. வேணாம்னு சொன்னவரு, ஏன் மனசு மாறினாரு?"

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே முக்கால்.

கமாலுதீன் உள்பைக்குள் கையை விட்டார். ஐமானின் போனை எடுத்து நீட்டினார்.

"இந்தா."

அஃப்ரீன் அதைப் பார்த்தாள். "பொலீஸ்கிட்டன்னு..."

"என்கிட்டதான் இருந்துச்சு. காலையிலேர்ந்து."

அவள் வாங்கி, சுவரோரம் இருந்த சார்ஜரில் மாட்டினாள். போன் உயிர் பெற நேரமானது. கறுப்புத் திரையில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் வந்து வந்து போனது. அப்துல் ரஹீம் அசர் தொழுகைக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

"உக்காருங்க சம்பந்தி" என்றார் கமாலுதீன். "சபையில பேசுனீங்க. இதையும் கேட்டுட்டுப் போங்க."

அப்துல் ரஹீம் உட்கார்ந்தார்.

திரை ஒளிர்ந்தது. அஃப்ரீன் திறந்தாள். மகன் எழுதியதை அவள் வாய்விட்டு வாசித்தாள். கேன்சல் பண்ணப் போறேன் என்ற இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் அதையே வாசித்தாள். சம்பந்தி மாமா கோவிச்சுக்கிட்டா என்ற வரியில் அப்துல் ரஹீமின் கை தாடிக்குப் போயிற்று. பிறகு அவள் தலை நிமிர்ந்தாள்.

"உங்க வாய்ஸ் ஒன்னு இருக்கு மாமா."

"போடு."

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. கேட்காமலிருக்கக்கூட அவள் தயாராக இருந்தாள் என்று அவருக்குத் தோன்றியது.

"போடும்மா" என்றார்.

அவருடைய குரல் கூடத்தில் எழுந்தது. அவ்வளவு கணீரென்று தன் குரல் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"என்ன ஐமான் இது, மறுபடியுமா? போன மாசம் அத்தனை பேரு சிரிக்க, தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். உன் தங்கச்சி அந்த வீட்ல வாழணும். இன்னொரு தடவ என் மானத்த வாங்காதே. காரணமெல்லாம் எனக்கு வேணாம். எறங்கிட்டு வா."

ஒரு கதவு திறக்கும் சத்தம். பின்னாலிருந்து ருக்கையாவின் குரல், சிரிப்போடு: "யாரு, ஐமானா? சாப்பாட்டுக்கு நேரத்தோட வந்துரச் சொல்லுங்க."

அத்தோடு முடிந்தது.

ஷாஹிரா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்துல் ரஹீம் தரையைப் பார்த்திருந்தார். உள்ளறைக் கட்டில் கிறீச்சிட்டது. ருக்கையா எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்து நின்றார். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததை அவர் இப்போது கேட்கவில்லை.

வெளியே பொலீஸ் கெரேத்தா ஒன்று வந்து நின்றது. கோகிலன் யாரிடமோ மலாயில் பேசுவதும், கேட் திறப்பதும் கேட்டன. மணி ஐந்தாகவில்லை.

கமாலுதீன் எழுந்தார். சார்ஜரிலிருந்து மகனின் போனைக் கழற்றிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. சமையலறைக்குள் போய், காந்தத்தை நகர்த்தி, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து தாளை எடுத்தார். மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசலை நோக்கி நடந்தார்.

அவர் தோள் பட்டு, நூலில் தொங்கிய பேனா கதவில் மோதி மோதி ஆடியது. ருக்கையா வந்து அதைக் கையால் பிடித்து நிறுத்தினார்.